லேபிள் இல்லாத டப்பா

பேருந்து நிலையக் கழிப்பறையில் நின்று பூங்கோதை எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டினாள். மாதாமாதம் செய்வதுதான், ஆனாலும் இன்று அலுப்பாக இருந்தது. கணவன் முத்தையனுக்குத் தெரிந்தால் துரத்திவிடுவான்.

"உடம்புல இவ்வளவு காவல் இருந்தும் எப்படி மேடம் இந்தக் கிருமி மாட்டாம இருக்கு?" என்று காலையில் மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில் ஆலோசகரிடம் கேட்டிருந்தாள்.

"கிருமி புகுந்த செல்லு வாசல்ல ஒரு அடையாளத்தை மாட்டிக் காட்டும்மா. அதைப் பார்த்துத்தான் காவல் செல்லு வந்து அழிக்கும். இந்தக் கிருமியோட புரதம் ஒண்ணு அந்த அடையாளத்தை உள்ள இழுத்துப் போட்டுரும். காவலுக்கு வந்தது, நல்ல வீடுன்னு தாண்டிப் போயிரும்."

வீட்டில் முத்தையன் குளித்துக்கொண்டிருந்தான். வழக்கமாக டப்பாவை ஒளித்துவைக்கும் அரிசி டிரம்மில் எறும்பு ஏறியிருந்ததால், பரணில் கிடந்த பழைய குக்கரைத் திறந்தாள். உள்ளே ஒரு டப்பா. அவளுடையது கையில்தான் இருந்தது. இதிலும் அதே வெள்ளை மூடி. லேபிளைச் சுரண்டிய இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது.

"என்ன புள்ள உருட்டுற அங்க?" குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க."

தன் டப்பாவை அதன் பக்கத்திலேயே வைத்து மூடினாள்.