தோடா அட்ஜஸ்ட் கரோ

"தோடா அட்ஜஸ்ட் கரோ" என்று இந்தியில் சொல்லி, உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரரை இடுப்பால் இடித்தார் மீசைக்காரர்.

"தும் அட்ஜஸ்ட் கரோ!"

அட்ஜஸ்ட் என்பது எப்போதும் எதிராளி செய்ய வேண்டிய வேலை. சென்னை ரயில் புனே ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் அந்த ஒரு கீழ்ப் படுக்கைக்காக ரத்தம் வந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் டிபன் கேரியரைச் சுழற்றினார். மீசைக்காரரின் நெற்றி கிழிந்தது. அவர் திருப்பி விட்ட குத்தில் கண்ணாடி நொறுங்கி, ஒரு பல் என் செருப்பருகே வந்து விழுந்தது.

"அங்கிள், ஏக் மினிட்..." என்று நான் நடுவில் புகுந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னை அறைந்தார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

மீசைக்காரர் எதிராளியின் கழுத்தை நெரித்தார். கண்ணாடிக்காரர் மிச்சமிருந்த பற்களால் அவர் கையைக் கடித்தார்.

"ஐயோ, அம்மா!" என்று அலறினார் மீசைக்காரர்.

கடித்த வாய் சட்டென்று விட்டது. "சார் தமிழா?"

"அரக்கோணம் சார். இங்க புனேல, போசரில வேலை. நீங்க?"

"பக்கத்துல திருத்தணி! முதல்லயே சொல்லக் கூடாதா? உக்காருங்க சார். உங்களுக்கும் வெயிட்டிங் லிஸ்ட்தானா?"

"ஆமா சார்."

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் தலைவைத்துப் படுத்தார்கள்.

நான் வீங்கிய கன்னத்தோடு டிக்கெட்டை நீட்டினேன்.

"சார், நானும் தமிழ்தான். இது என் பேர்ல ரிசர்வ் ஆன படுக்கை."

இருவர் முகமும் மலர்ந்தது.

"அட, நம்ம தம்பி! அப்புறம் என்ன? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ!"