கம்பிக் கட்டில் மந்திரம்

“ஜெபமாலை முழுசும் சொல்லிட்டேன்க்கா. எனக்குத்தான் தூக்கம் வருது, இவன் முழிச்சுக்கிட்டுக் கெடக்கான்!”

மரியசூசை வாசலில் நின்று புலம்பினான். உள்ளே கம்பி போட்ட மரக்கட்டிலில் கிடந்த அவனுடைய ஐந்து மாத மகன் அடைக்கலம், ஏரி வரைக்கும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான்.

பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். “பச்சைப் பிள்ளையை இப்படியா கதற விடுறது தம்பி? ஒரு தூளியைக் கட்டிப் போட்டா தன்னால தூங்குறான்.”

“எதுலக்கா கட்டுறது? இதுவும் உங்க வீடு மாதிரிதானே, மேல பூரா பலகை.”

அந்தக் காலத்து வெள்ளைக்காரன் கட்டிய வீடு. குளிருக்காகக் கூரைக்குக் கீழே பலகை அடித்து மூடியிருந்தான். சேலையைத் தொங்கவிட ஓர் உத்தரம் கிடையாது, கொக்கி கிடையாது. மன்னவனூரில் சகாயராணியின் தாய்வீட்டில் தூளியிலேயே ஆடி வளர்ந்த மகாராஜா, கொடைக்கானலுக்கு வந்ததும் யாரோ ஒரு டீச்சரம்மா ஊருக்குப் போகும்போது கொடுத்த கட்டிலில் படுக்க வேண்டியதாயிற்று. கட்டில் ஆடுமா? ஆடாது. மகாராஜாவுக்குப் பிடிக்குமா?

“சகாயராணி மட்டும் பத்து நாளா இதே கட்டில்லதானே தூங்க வச்சா?” என்றாள் ரஹ்மத் பீவி.

“அதான்க்கா புரியல. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போவா. அஞ்சே நிமிஷம். வெளிய வரும்போது இவன் குறட்டை விடுவான். என்ன பாட்டுப் பாடுறேன்னு கேட்டா, ‘பாட்டும் இல்ல, கீட்டும் இல்ல, வாயில வந்ததைச் சொன்னேன். உங்ககிட்டச் சொன்னா சிரிப்பீங்க’ங்கிறா.”

“செவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். முணுமுணுன்னு ஒரே மாதிரி என்னமோ ஓதுவா. ஜெபம்னுல்ல நெனச்சேன்!”

“நானும் அப்படி நெனச்சுத்தான் காலையிலேர்ந்து அத்தனை புனிதரையும் கூப்பிட்டுட்டேன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல.”

உண்மையில் அவன் பயந்துபோயிருந்தான். பிரசவ லீவு முடிந்து சகாயராணிக்கு இன்றுதான் முதல் நாள் டூட்டி. பேக்கரியில் வெள்ளனே அடுப்பு மூட்டப் போகும் மரியசூசை எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவதால், பகலில் பிள்ளை அவன் பொறுப்பு. காலையில் கிளம்பும்போது அவள் கைப்பையைத் தட்டிக் காட்டினாள்.

“ராஜினாமா லெட்டர் எழுதி வச்சிருக்கேன். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வருவேன். பிள்ளை கட்டில்ல தூங்கிக்கிட்டிருந்தா கிழிச்சுப் போடுறேன். அழுதுக்கிட்டிருந்தா, அப்படியே திரும்பிப் போயி ஆபீசர்கிட்டக் கொடுத்துட்டு வந்துருவேன்.”

அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவன், “பிள்ளையைத் தூங்க வைக்கிறது ஒரு பெரிய சோலியா? நான் பாத்துக்கிறேன், நீ போ!” என்று வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தான்.

இப்போது மணி பன்னிரண்டு.

ரஹ்மத் பீவி தாலாட்டுப் பாடிப் பார்த்தாள். பிள்ளை அவளைவிட உச்சத்தில் பாடினான். மரியசூசை கட்டிலையே தூக்கி ஆட்டிப் பார்த்தான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

“வீம்பு பாக்காதீங்க தம்பி. கடையில போன் இருக்குல்ல? வெரசாப் போயி அவகிட்டயே கேட்டுருங்க.”

மகனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே இருந்த இப்ராம்சாவின் தைலக் கடைக்கு ஓடினான்.

“பாய், ஒரு போன் போட்டுக்கிறேன். அவசரம்!”

“போடுப்பா. முதல்ல பிள்ளையை அமத்து. இவன் போடுற சத்தத்துல வந்த கிராக்கியெல்லாம் ஓடுது.”

மரியசூசை ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். உள்ளிருந்து ஒரு கீச்சுக் குரல் கேட்டது. அவன் வாயைத் திறப்பதற்குள், தோளில் கிடந்தவனின் அழுகை பாதியில் நின்றது.

மரியசூசை பிள்ளையைப் பார்த்தான். ரிசீவரைப் பார்த்தான். மெல்ல அதைப் பிள்ளையின் காதோரம் பிடித்தான். குட்டிக் கண்கள் செருகிக்கொண்டு போயின. ஒரு வார்த்தை பேசாமல் போனை வைத்துவிட்டான்.

“என்னப்பா, ஆளு கெடைக்கலையா?”

“எல்லாம் கெடைச்சிருச்சு பாய்!” முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

ஒரு மணிக்குச் சகாயராணி மேடேறி மூச்சிரைக்க வந்தாள். வீட்டில் சத்தமே இல்லை. வாசலில் நின்ற ரஹ்மத் பீவி உதட்டில் விரல் வைத்தாள்.

“தூங்கிட்டான்டி! தம்பிதான் நிறுத்த மாட்டேங்கிறாரு. நிறுத்துனா முழிச்சிருவானோன்னு பயம்.”

சகாயராணி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அடைக்கலம் இரண்டு கையையும் விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் குனிந்து நின்ற மரியசூசை, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில் ஓதிக்கொண்டிருந்தான்.

“நம்பர் ப்ளீஸ்... மதுரை லைன் பிஸியா இருக்கு... வத்தலக்குண்டு கெடைக்கல... லைன்லயே இருங்க சார்...”

பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு ஒன்பதாம் மாதம் வரை நாளெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் சகாயராணி, சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வர, லெட்டரை நாலாகக் கிழித்தாள். பிறகு கதவிடுக்கில் வாயை வைத்து, டிரங்க் கால் பேசுகிறவர்களைக் கேட்கும் அதே குரலில் மெதுவாகக் கேட்டாள்:

“மூணு நிமிஷம் ஆயிருச்சு சார். எக்ஸ்டெண்ட் பண்ணவா?”