இரண்டாவது ‘வந்தாச்சா?’

தனியாக வாழ்ந்த லிஃப்ட் மெக்கானிக், முழங்கால் உயர ரோபோ ஒன்றை மலிவாக வாங்கி, பாகங்களைத் தானே பூட்டி முடித்தார். வாசலில் முகம் தெரிந்தால், ஆளுக்கு ஒருமுறை கையசைத்து "வந்தாச்சா?" என்று கேட்கும்படி புரோகிராம் எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்காகவே வேலை முடிந்ததும் எங்கும் நிற்காமல் வீடு திரும்பினார்.

ஒரு மாலை அது இரண்டு தடவை கேட்டது. திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. மறுநாளும் அப்படியே.

தங்கைக்கு போன் போட்டார்.

"கேமரா போயிருக்கும்ணே. மாத்திடுங்க."

"மாத்திட்டேன்மா. பக்கத்து வீட்டுக்காரர் வந்தா ஒரு தடவைதான் கேக்குது. எனக்குத்தான் ரெண்டு."

"பயமா இருந்தா இங்க வந்துடுங்களேன்."

"பயமெல்லாம் இல்லம்மா."

அடுத்த நாள் உள்ளே நுழைந்தவர் உடனே கதவைச் சாத்தவில்லை. சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டு நின்றார். ரோபோ இரண்டாவது முறை கேட்டு முடித்த பிறகே தாழ்ப்பாள் போட்டார்.