ஒரு தட்டு தாமதம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் இசைத்தொகுப்பின் மூன்றாம் பாட்டின் சரணத்தை இன்பராஜ் ஒரு தாளத்தட்டு தாமதமாகத்தான் எடுத்திருந்தான். அவனோடு சண்டை போட்டுவிட்டுக் கிடாரோடு வெளியேறிய இசைக்குழுத் தோழி ரெஜினா திரும்பி வருகிறாளா என்று அந்த நொடியில் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைப் பார்த்துவிட்டான். அந்தப் பிழையைத் திருத்தத்தான் இப்போது இரண்டாம் பாகம் என்று ஒரு தொகுப்பு. அதில் அதே பாட்டை அதே ஸ்டுடியோவில் மீண்டும் பதிவுசெய்தார்கள். ஆனால் கோரஸ் பாட வந்த ஐந்து பெண்களும் பதினாறாவது முறையாகத் தாமதமாகவே எடுத்தார்கள்.

"எத்தனை தடவம்மா சொல்றது? அங்க நிக்காம எடுங்க," என்றான் இன்பராஜ்.

"நிக்கலன்னா எங்க பாட்டு டீச்சர் குட்டுவாங்க சார்," என்றாள் அவர்களில் மூத்தவளான சுவர்ணா. "ஸ்கூல்லேர்ந்து இப்படித்தான் பாடுறோம்."

"அது தப்பும்மா."

"அந்த இடத்துக்காகத்தான் சார் பாட்டையே கேப்போம்."

இன்பராஜ் அவளுடைய ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டான். "எல்லாரும் சும்மா இருங்க. நானே பாடிக்கிறேன்."

தாளம் தொடங்கியது. அந்த இடம் வந்தது. கண்ணாடிக் கதவு மூடியே இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தாளம் இரண்டு தட்டு தாண்டிப் போயிருந்தது.