மேட்டில் கழலும் கியர்

மேடு ஏறும்போது லாரியின் மூன்றாவது கியர் கழன்றுகொள்வதைப் பற்றி டிரைவர் இருளாண்டி தோட்டத்து ஆபீசில் மூச்சே விடவில்லை. லாரி பழுது பார்க்கப் புதிதாய் வந்த பிட்டர் கணேசமூர்த்தியைத் தோட்டத்து மேனேஜர் துரை தலையில் தூக்கி வைத்து ஆடுகிறாரே, துரைக்கு முன்னால் அவன் திருதிருவென்று முழிக்கட்டும்!

லாரியைப் பார்க்கும்படி துரை சொன்னபோது கணேசமூர்த்தி அதைத் தொடக்கூட இல்லை.

"மூணாவது கியர் கழலுது தொரை. சிம்பாங் அம்பாட் மேட்டுல ரொம்ப மோசம்," என்றான்.

துரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"ஓட்டுறவன் நானு. அவனுக்கு எப்படித் தெரியுது?" என்று இருளாண்டி வீட்டில் மனைவி குஞ்சம்மாவிடம் பொருமினான்.

"சோத்துல கை வச்சதும் லாரியப் பத்தி எங்கிட்ட பொலம்புறீங்க. நான் கொழாயடியில அந்தப் பிட்டரு பொஞ்சாதிகிட்ட பொலம்புறேன்," என்றாள் குஞ்சம்மா, குழம்பை ஊற்றியபடி. "இன்னிக்கு என்ன கோளாறுன்னு கேட்டுட்டு வரச் சொன்னா."