குறுக்கே ஒரு குரல்

"இன்னும் எதுக்குக்கா காத்திருக்கீங்க? பட்டனை அமுக்கி லியாங்கைக் கூப்பிடுங்க" என்றான் போவெய்.

லிஷான் பள்ளத்தாக்கின் ஒரு மலைச்சரிவில் நில அளவைக் கருவியை நிறுத்திவிட்டு, வாக்கிடாக்கியில் காதை வைத்திருந்தாள் மெய்ஜென். அந்த அலைவரிசையில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மெதுவா விடுடா... இன்னும் கொஞ்சம்... நிறுத்து!"

"ஹுங் கிழவன்தான்" என்றான் போவெய். "பள்ளத்தாக்குக்கு அக்கரைத் தோட்டத்துலேருந்து கயிற்றுக் கூடையில முட்டைகோஸ் அனுப்புறான். இந்தப் பக்கம் கயிறு இழுக்கிற மோட்டார்ல அவன் மகன். தன் நிலத்து எல்லையை அளக்க விடக்கூடாதுன்னு வேணும்னே பேச்சை இழுக்கிறான். பாவம், நம்ம லியாங் அங்கே அளவுக் கம்பத்தோட நின்னுட்டிருப்பான். நம்மகிட்டதான் லைசென்ஸ் இருக்கே!"

"அவர்கிட்டயும் இருக்கு. ரெண்டு பேருக்கும் பொதுவான அலைவரிசை. ஒருத்தர் பேசும்போது நாம சிக்னல் அனுப்பினா அவர் பேச்சு அறுந்து போகும். சட்டப்படி அது தப்பு."

"நேத்து நம்மளை எப்படித் திட்டினான்!"

மெய்ஜென்னுக்கும் அது மறக்கவில்லை. விரல் துறுதுறுத்தது. ஆனாலும் அவள் பட்டனைத் தொடவில்லை.

"பாறை வருது, நிறுத்து! இப்ப விடு... மெதுவா."

மூடுபனியிலிருந்து கூடை வெளிப்பட்டது. உள்ளே முட்டைகோஸ் இல்லை. காலில் மூங்கில் பட்டை கட்டியபடி லியாங் படுத்திருந்தான்.

"வழுக்கி விழுந்துட்டேன்க்கா. கால் உடைஞ்சிருச்சு. ஹுங் ஐயாதான் தூக்கிட்டு வந்து ஏத்திவிட்டாரு."

போவெய் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "உங்க ஆளு வந்து சேர்ந்தாச்சில்ல? இனி அளந்துக்கோங்க. ஆனா ஒரு அடி நிலம்கூட விட்டுத் தரமாட்டேன்!"

"சரிங்கய்யா" என்று அக்கரைப் பனியைப் பார்த்துத் தலை வணங்கினாள் மெய்ஜென்.