ரிப்பீட்டு

"சார், அந்த மனுஷன் வாயை மூடினாத்தான் நாங்கல்லாம் பாஸாவோம்!"

பேராசிரியரின் அறையில் நின்று பொரிந்து தள்ளினாள் நர்ஸ். பின்னால் நின்ற லேப் டெக்னீஷியனும் ஆம்புலன்ஸ் சூப்பர்வைசரும் ஆமாம் சாமி போட்டார்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரக் கடைசியில் நடக்கும் மருத்துவமனை நிர்வாக வகுப்பு அது. 'அந்த மனுஷன்' என்றால் நர்ஸுக்குப் பின்வரிசையில் உட்காரும் நரைமீசைக்காரர். எங்கே வேலை, என்ன வேலை என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. ஆனால் பெயர் மட்டும் வைத்துவிட்டார்கள். 'ரிப்பீட்டு!'

பாடம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவார். தொண்டையோ வெண்கலத் தொண்டை.

"சார்! புரியல சார்! மொதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லிடுங்களேன்!"

அதிலும் செலவுக் கணக்குப் பாடம் என்றால் கேட்கவே வேண்டாம்.

"ஒரு படுக்கைக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும்னு எத்தனை வாட்டி சார் சொல்லுவீங்க? அவர் மண்டையில ஏறாதுங்கறதுக்காக எங்க எல்லாரையும் ஒரே எடத்துல நிக்க வெச்சா எப்படி?"

"மெதுவாப் புரிஞ்சுக்கறவங்களும் இருப்பாங்கம்மா. நீங்ககூட சில சமயம் கண்ணை மூடிக்கறீங்களே..."

"அது கவனிக்கறது சார்! கண்ணை மூடினாத்தான் எனக்குப் பாடம் உள்ளே போகும்."

லேப் டெக்னீஷியன் இருமலில் சிரிப்பை மறைத்தாள்.

நர்ஸின் கோபத்திலும் நியாயம் இருந்தது. ராத்திரி முழுக்க ஐ.சி.யு.வில் நின்றுவிட்டு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு நேராக வகுப்புக்கு வருகிறவள். இந்தப் படிப்பை முடித்தால் வார்டு நிர்வாகி பதவி, பகல் வேலை. முடிக்காவிட்டால் நைட் டியூட்டிதான் கதி.

'இன்னிக்காவது என் பக்கத்துல படுப்பியாம்மா?' என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்த மகள், இப்போதெல்லாம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் நர்ஸின் நெஞ்சை அறுத்தது.

பேராசிரியர் இறங்கி வந்தார். அடுத்த வகுப்பிலேயே சட்டம் போட்டார்.

"இனிமே பாடத்துக்கு நடுவுல கேள்வி கிடையாது. எல்லாம் கடைசியில."

வகுப்பு கைதட்டியது. ரிப்பீட்டு தலையாட்டினார்.

கொஞ்ச நேரம்தான் நிம்மதி. டமால்! பின்வரிசையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்து உருண்டோடியது. நர்ஸ் தூக்கிவாரிப் போட நிமிர்ந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார், கை தவறிடுச்சு."

"பரவாயில்ல. எங்கே விட்டேன்? சரி, மறுபடி ஆரம்பத்துலேர்ந்தே வரேன்..."

அன்றிலிருந்து வாராவாரம் அந்தப் பாட்டில் உருண்டது.

"வாய்க்குப் பூட்டுப் போட்டா, கை வேலையைக் காட்டுது!" என்று பல்லைக் கடித்தாள் நர்ஸ். வேறு வழி? சொன்னதையே திரும்பக் கேட்டு, திட்டிக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

தேர்வு வந்தது, போனது. முடிவும் வந்தது.

நர்ஸ் பாஸ். அதுவும் முதல் வகுப்பு! அவள் பயந்து செத்த செலவுக் கணக்கில்கூட மார்க்கை அள்ளியிருந்தாள். கல்லூரி வராந்தாவில் கூடியிருந்தவர்களைப் பற்றிக் கவலையே படாமல் ஒரு கூச்சல் போட்டாள். லேப் டெக்னீஷியனைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு, அம்மா ஜெயிச்சுட்டேன்டி! இனிமே ராத்திரி உன் பக்கத்துலதான்!"

மறுமுனையில் மகள் போட்ட சத்தம் வராந்தாவுக்கே கேட்டது. நர்ஸ் அழுதுகொண்டே சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஜன்னலோரம் ரிப்பீட்டு தனியாக நின்றிருந்தார். ஜெயித்தவர்களுக்குத் தாராள மனசு தானாக வந்துவிடும். பக்கத்தில் போனாள்.

"மனசைத் தளர விடாதீங்க சார். அடுத்த தடவை எழுதிடலாம். செலவுக் கணக்கை வேணா நானே சொல்லித் தரேன்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார். மீசை லேசாகத் துடித்தது.

அதற்குள் பேராசிரியர் வேகமாக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார் நீங்க! செலவுக் கணக்குல நீங்கதான் முதல் மார்க்! அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தலைமைக் கணக்கு அதிகாரியாமே? பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழ் வேணும்னு உங்களை அனுப்பினதா உங்க முதலாளி இப்பத்தான் போன்ல சொன்னார். எனக்கே நீங்க பாடம் எடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை சொல்லலையே!"

நர்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர் நகரும் வரை காத்திருந்தாள்.

"அப்போ... எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான் புரியல புரியலன்னு எங்க உயிரை வாங்கினீங்களா? ஏன் சார்?"

அவர் வெண்கலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் சம்சாரமும் நர்ஸ்தாம்மா. நைட் டியூட்டி முடிச்சுட்டு இதே படிப்புக்குத்தான் போனா. பாடம் நடக்கும்போதே கண்ணு சொக்கிடும். விட்டுப்போனதை யார்கிட்ட கேக்கறதுன்னு கூச்சப்பட்டுக்கிட்டே பாதியில விட்டுட்டா. இன்னிக்கும் அந்த வருத்தம் அவளுக்குப் போகல. உங்களைத் தட்டி எழுப்பினா நீங்களும் கூசிப் போவீங்க..."

"அதனால?"

"அதான், உங்க தலை சாயறப்பல்லாம் நான் கையைத் தூக்கினேன்."